ஏற்றாமல் திரும்பிய மெழுகுவர்த்தி

1943 நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மல்லசமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். பையில் இரண்டு வைத்திருந்தேன். இன்னொன்று, மனிலாவில் விட்டுவந்த என் மனைவி ரொசாரியோவுக்கு. அம்மாவின் கடைசிக் காலத்துக்கு நான் மட்டும் கப்பலேறி வந்தேன். சண்டை மூண்டது, ஜப்பான்காரன் மனிலாவைப் பிடித்துக்கொண்டான். அவளிடமிருந்து இதுவரை ஒரு வரி இல்லை. இருக்கிறாளா, போய்விட்டாளா? ஏற்றுவதா வேண்டாமா என்று புறப்படும்போதுகூட முடிவு செய்யவில்லை.

சேலத்திலிருந்து பதினெட்டு மைல், எட்டணா. பெட்ரோல் ஏது இப்போது? பின்னால் அடுப்பில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்தான். ஏழு மணி வண்டி எட்டே காலுக்குக் கிளம்பியது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். புண்ணியமாகப் போகும், வெள்ளைச் சட்டை போடாதீர்கள்.

மல்லசமுத்திரத்திலிருந்து இரண்டு மைலுக்கு மாட்டுவண்டி, ஆறணா. வண்டிக்காரர் பழனியப்பன் நிலக்கடலை விவசாயி; பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"சம்சாரம் எந்த ஊருங்க?"

"மனிலாங்க. கடலுக்கு அந்தாண்ட."

"அங்கயும் வேதக்காரங்களுங்களா?"

ஸ்பெயின்காரன் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டு ஊரையே கிறிஸ்தவமாக்கிய கதையைச் சொன்னேன். வேதத்தோடு பெயரும் கொடுத்தான். ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்துக் குடும்பப் பெயர்களைப் பங்கிட்டதில், ரொசாரியோவின் ஊரில் எல்லார் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும்.

"அடங்கொப்புரானே! பேரக் கூடவா ரேசன் போட்டாங்க?"

சிரித்துவிட்டேன். ஸ்பெயின் போய் அமெரிக்கா, அமெரிக்கா போய் ஜப்பான் என்றதும் அவர் மாட்டைத் தட்டிவிட்டார்.

தோட்டத்தில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும், நான் மனிலாப் பழக்கத்தில் அம்மா பக்கத்தில் துண்டை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்தேன். அங்கே இந்த நாளில் குடும்பமே பகல் முழுக்கக் கல்லறையோடு உட்கார்ந்து சாப்பிடும். சாமியாருக்கு ஒத்தாசையாக வந்திருந்த உபதேசியார் பாய்ந்து வந்தார்.

"ஏனுங்க, பொதைக்கிற எடத்துல சோறு திங்கறதா? நாலு பேரு பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?"

பொட்டலத்தைக் கட்டிவிட்டேன். ரொசாரியோ இருந்தால் அவருக்கும் ஒரு பிடி கொடுத்து உட்கார வைத்திருப்பாள். அவ்வளவு கூட்டத்தில் என்னைப் போல ஒண்டியாய் நின்றவர் யாருமில்லை.

அம்மாவுக்கு ஏற்றினேன். அந்தச் சுடரிலேயே பற்றவைக்க இரண்டாவதை எடுத்தேன். பின்னாலேயே வந்திருந்த பழனியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"சாமி, அது அந்தப் புள்ளைக்குங்களா?"

"ஆமாங்க."

"தவறிப்போச்சுன்னு சேதி வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்க அவசரம்? உசுரோட இருக்கறவளுக்கு நீங்களே வெளக்கு வெச்சுப்போடுவீங்களாக்கும்?"

மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டேன். அங்கேயே நின்று அழுதேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் கடைசி பஸ் நாலரைக்கு, விட்டால் மறுநாள்தான். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். சோற்றை வண்டியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், நானும் திரும்பி வரும்போது அப்படித்தான் சாப்பிட்டேன். அந்த மெழுகுவர்த்தி இப்போது என் அறை மாடத்தில் இருக்கிறது. பக்கத்தில் தீப்பெட்டி வைப்பதில்லை.