மூன்றாம் ஜன்னல் அக்காவின் தலை

சியாங் மாயில் சாங் புவெக் சந்தைக்குப் பின்புறச் சந்தில் கிங்கேவ் நடத்தும் பார்லரில், நுவே ஒன்பது வருஷமாக மற்றவர்கள் வெட்டிப் போட்ட முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால், எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவின் ஷான் மலையில் ஒரு சந்தை ஊரில், அவள்தான் வெட்டுகிறவள். கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போடத் தொலைவிலிருந்தெல்லாம் வந்து அழைத்துப் போவார்கள். பிறகு சண்டை வந்தது. சந்தை எரிந்தது. அவளும் கணவனும் மலையிறங்கி வந்துவிட்டார்கள். கத்தரிக்கோலை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். இப்போது அது மகள் மோனின் பள்ளிக்கூடக் காகிதப் பூக்களை வெட்டிக்கொண்டிருந்தது.

தாய்லாந்தில் முடிதிருத்தம் தாய்க்காரர்களுக்கு மட்டும் உரிய தொழில். வெளியாள் செய்து பிடிபட்டால் அபராதம், எல்லைவரை வண்டி, இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. நுவேயின் வேலை அனுமதி அட்டையில் ‘துப்புரவு’ என்று இருந்தது. பெருக்கலாம், துடைக்கலாம், துண்டு துவைக்கலாம். தலை அலசிவிடுவது இதில் சேருமா சேராதா என்பது யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது. போன மாதம் தெரிந்துபோயிற்று. இரண்டு சந்து தள்ளி ஒரு கடையில், வாடிக்கையாளர் தலையில் நுரையோடு கை வைத்திருந்த பர்மியப் பெண்ணைக் கையைத் துடைக்கக்கூட விடாமல் சோதனை அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் கிங்கேவ் சொல்லிவிட்டாள்.

“இனிமே எவ தலையையும் தொடாதடி. தீப்பிடிச்சாலும் தொடாத. உனக்கு எல்லை, எனக்குக் கடைக்குப் பூட்டு.”

நுவே தலையாட்டினாள். கணவன் மாதக்கணக்கில் லம்பூன் பக்கம் கட்டட வேலையில் கிடப்பவன். மோன் மூன்றாம் வகுப்பு. தாய்லாந்து எழுத்து மட்டும்தான் அவளுக்குப் படிக்கத் தெரியும். இரண்டு வருஷம் அந்தப் பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வியை நுவே ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு நினைக்கப் பயந்தாள்.

ஜூலை மாதத்து ஒரு புதன்கிழமை மதியம், மழை விட்டிருந்த நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பார்த்ததும் நுவேக்கு ஆள் தெரிந்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல். வருஷா வருஷம் அட்டையைப் புதுப்பிக்கப் போனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள் இவள்தான். லம்துவான் என்று மேஜைமேல் பலகை இருக்கும். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று நுவேயைப் போன வருஷம் இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள்.

லம்துவானுக்கு நுவேயைத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு முகம் பார்ப்பவளுக்கு எந்த முகமும் முகமில்லை.

“ஞாயித்துக்கிழமை என் பையன் புத்த மடத்துல துறவறம் ஏத்துக்கறான். ஊரே படம் எடுக்கும்” என்றாள் கிங்கேவிடம். “நல்லாச் சுருள் வெச்சுவிடு. என் நாத்தனார் பாத்து வயிறெரியணும்.”

“எரிய வெச்சுடலாம்க்கா” என்று சிரித்தாள் கிங்கேவ்.

நாற்பது உருளைகளில் முடியைச் சுற்றி, சுருள வைக்கிற முதல் மருந்தை ஊற்றி, கிங்கேவ் கடிகாரத்தைத் திருகி வைத்த சமயத்தில் அவள் கைபேசி அடித்தது. கிங்கேவின் மகளுடைய பள்ளிக்கூடம். படியில் விழுந்து பிள்ளைக்குக் கை ஒடிந்துவிட்டது.

“இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள வந்துடுவேன்க்கா” என்று சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள் கிங்கேவ். “நுவே, நான் வரலைன்னா எதிர்க்கடைத் தோயைக் கூப்பிடு.” அவளுடைய ஸ்கூட்டர் சந்தைத் தாண்டிப் போய்விட்டது.

பதினெட்டாவது நிமிஷம் கிங்கேவ் போனில் கூப்பிட்டாள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், டாக்டர் வரவில்லை, பிள்ளை அம்மாவின் கையை விட மறுக்கிறாள். நுவே எதிர்க்கடைக்கு ஓடினாள். தோயின் கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது கடிகாரம் மணியடித்துக்கொண்டிருந்தது.

“அலசணும்தானே? வா, வந்து அலசு” என்றாள் லம்துவான்.

“என்னால முடியாதுக்கா.”

“தலை அலசத் தெரியாதா?”

“தெரியும்க்கா. தொடக் கூடாது.”

லம்துவான் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். உச்சரிப்பை இப்போதுதான் கவனித்திருப்பாள் போல. “ஷானா நீ? அட்டையில என்ன போட்டிருக்கு?”

“துப்புரவு.”

தாய்க்காரர்களுக்கு மட்டும் உரிய தொழில்கள் எவை என்று அலுவலக வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் படிக்கிற குரல் லம்துவானுடையது. ‘பரவாயில்லை, செய்’ என்று சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நுவே சொன்னாள்.

“மருந்து அதிக நேரம் நின்னா முடி வெந்துடும்க்கா. உருளையோட சேந்தே வந்துடும்.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“அஞ்சு நிமிஷம். மிஞ்சினா ஏழு.”

“அப்ப என்னடி பண்றது?”

நுவே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் சொல்றேன். நீங்க பண்ணுங்க.”

லம்துவான் தொட்டிமேல் முகம் கவிழ்ந்து நின்றாள். குழாயைக் கையில் பிடித்தாள். கண்ணுக்குத் துண்டை வைக்கச் சொன்னாள் நுவே. உருளைகளைக் கழற்றாமலே அலசச் சொன்னாள். தண்ணீர் பாதி தலையிலும் பாதி சட்டையிலும் போயிற்று.

“இந்தப் பக்கமா?”

“இன்னும் மேலக்கா. காதுக்கு மேல. அங்கயே நிறுத்துங்க.”

“வருஷம் பூரா நான் உங்களை அங்க நில்லு, இங்க நில்லுன்னு விரட்டறேன். இன்னைக்கு நீ என்னை விரட்டற.”

முன்பக்கமும் பக்கவாட்டும் ஒருவழியாக முடிந்தன. ஒரு கையால் கண்ணில் துண்டை அழுத்திக்கொண்டு அலசியதில் பிடரி மட்டும் அகப்படவில்லை. வேறு மனிதர் கை இல்லாமல் யாருக்கும் எட்டாத ஓர் இடம் தலையில் உண்டு. லம்துவான் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் முதுகில்தான் ஓடியது.

“எரியுதுடி” என்றாள். முதல் தடவையாக அவள் குரல் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

நுவே வாசலைப் பார்த்தாள். சந்து காலியாக இருந்தது. மோனை நினைத்தாள். “மன்னிச்சுக்குங்கக்கா” என்று, அந்த ஊர் வழக்கப்படி தலையைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, குழாயை வாங்கினாள். தண்ணீர் முதல் உருளைமேல் பட்டு மூன்று நொடிகூட இருக்காது, வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

குழாயைத் தொட்டியில் விட்டாள். கைக்கு முதலில் கிடைத்தது மாப். லம்துவான் நிமிர்ந்து துண்டைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. வேலைவாய்ப்பு அலுவலக மேற்சட்டையோடு இரண்டு பேர். மூத்தவர் வினிட். லம்துவானோடு பதினைந்து வருஷமாக அதே கட்டடத்தில் வேலை பார்ப்பவர்.

“அட, அக்கா! லீவு போட்டுட்டு இங்கயா உக்காந்திருக்கீங்க?” என்றவர், நுவே பக்கம் கை நீட்டினார். “அட்டை.”

நுவே கொடுத்தாள். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முழங்கைவரை நனைந்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

“கை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?”

“தரை துடைக்கிறேன்யா.”

“கடைக்காரி எங்க? அக்காவுக்கு யாரு தலை அலசினது?”

லம்துவான் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“கடைக்காரி புள்ள கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரில இருக்கா. நானே அலசிக்கிட்டேன். ஏன், ஐம்பது வயசுல எனக்குத் தலை அலசத் தெரியாதா? சட்டையப் பாரு, எவ்வளவு அழகா அலசியிருக்கேன்னு.”

சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வினிட் சிரித்தார். அவள் சொன்னதில் பொய் எவ்வளவு என்று அளந்தால் மூன்று நொடி தேறும். ஆனால் மூன்று நொடிக்கும் மூன்று மணி நேரத்துக்கும் ஒரே தண்டனைதான்.

“சோதனைத் தாள்ல கடைக்காரி கையெழுத்து வேணும்” என்று சொல்லிவிட்டு வினிட் சோபாவில் சாய்ந்தார். “வரட்டும், இருக்கோம்.”

“நாளைக்கு வாங்கிக்கலாமே தம்பி.”

“இவ்வளவு தூரம் வந்தாச்சேக்கா. ஏசியும் நல்லா இருக்கு.”

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நுவே தரை துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தரை. துண்டுக்குள்ளே, சூட்டில், பிடரி முடி வெந்துகொண்டிருப்பது அவளுக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. ஐந்து நிமிஷம் எப்போதோ போய்விட்டது. ஏழும் போய்விட்டது. ஒரு வார்த்தை போதும் லம்துவானுக்கு. இந்தப் பெண் கொஞ்சம் அலசட்டும் என்று வினிட்டிடம் சொன்னால் அவர் பார்க்காததுபோல வெளியே போய் நிற்கக்கூடும். நிற்காமலும் போகலாம். அவரோடு வந்த இளைஞன் கழுத்தில் கேமரா தொங்கியது.

“ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு மேளம் யாரு?” என்றார் வினிட்.

“சான் சாய் ஊர்க்காரங்க.”

“அவங்க குடிச்சிட்டு ஆடுவாங்களே!”

“ஆடட்டும். ஊர்வலம்னா ஆடத்தானே வேணும்.”

“என்னக்கா, கண்ணுல தண்ணி?”

“மருந்து நெடி.”

“சும்மா சொல்லாதீங்க. புள்ள சாமியாராப் போறான்னா பெத்தவளுக்கு அழுகை வரும். அவன் மொட்டைக்கு முதல் முடி நீங்கதானே வெட்டணும்?”

“ஆமா” என்றாள் லம்துவான். கண்ணாடி வழியாக அவள் பார்வை நுவேமேல் ஒரு நொடி நின்றது. அதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ‘நான் என் பங்கைச் செய்துவிட்டேன்’ என்பதுபோல இருந்தது.

நுவேக்கு அட்டை அனுமதித்த வேலை ஒன்றே ஒன்று. அவள் அதைச் செய்தாள். வாளியில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டு, மாப்பைப் பிழியாமல் தூக்கி, சோபாவுக்கு முன்னால் போட்டாள். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, “ஐயா, காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றாள்.

அதிகாரியிடம் காலைத் தூக்கச் சொன்ன வெளியாளை வினிட் அதுவரை பார்த்ததில்லை. ஆச்சரியத்தில் தூக்கிவிட்டார். இளைஞனும் தூக்கினான். அவள் துடைத்தாள். அவர்கள் காலை இறக்கியதும் திரும்பி வந்தாள்.

“இன்னொரு தடவைங்கய்யா. மருந்துத் தண்ணி சிந்தியிருக்கு, தோல் வெந்துடும்.”

“ஏய், இப்பத்தானே...”

மூன்றாவது தடவை வாளியே சாய்ந்தது. சோப்புத் தண்ணீரும் மருந்தும் நாள் முழுதும் விழுந்த முடியுமாக அவர் காலணிக்குள் புகுந்தது. வினிட் துள்ளி எழுந்தார். நுவே தரையில் மண்டியிட்டுக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுக்கத்தில் பாதி நிஜம்.

“கையில பலம் இல்லாத ஜென்மத்தை வேலைக்கு வெச்சிருக்கா பாரு!” என்று காலை உதறினார் வினிட். “துப்புரவாம் துப்புரவு! அக்கா, கையெழுத்துக்கு நாளைக்கு வரேன்னு சொல்லிடுங்க.”

“சொல்றேன். போய்க் காலைக் கழுவு தம்பி, எரியப் போகுது.”

வண்டிச் சத்தம் சந்தைத் தாண்டும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு நுவே கதவைத் தாழிட்டுத் துண்டை அவிழ்த்தாள். அலசினாள். பிடரியில் நான்கு உருளைகள் முடியோடு சேர்ந்து கையில் வந்தன. மற்றவற்றில் சுருள் நிலைக்க இரண்டாம் மருந்து ஊற்றிக் காத்திருந்து கழற்றியபோது, முன்பக்கம் நாத்தனார் வயிறெரிகிற அழகில் சுருண்டிருந்தது. பின்பக்கம் எலி கடித்த பாய்போல இருந்தது.

சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். லம்துவான் பிடரியை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நுவே காத்திருந்தாள். நன்றி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதுவும் வரவில்லை.

“வெட்டத் தெரியுமா உனக்கு?”

“ஊர்ல அதான்க்கா என் தொழில்.”

லம்துவான் யோசித்தாள். “நான் கண்ணை மூடிக்கிறேன். யார் வெட்டினான்னு எனக்குத் தெரியாது.”

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இன்னொருத்தி தலையில் வைத்த கத்தரி முதல் வெட்டில் தயங்கியது. இரண்டாவதில் தயங்கவில்லை. மேலே சுருளும் பிடரியில் ஒட்ட வெட்டுமாக அவள் முடித்தபோது, கிங்கேவ் திரும்பி வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து அட்டையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஒரு வாரமாக நுவேக்கு ஒரே யோசனை. தனக்காகப் பொய் சொன்ன மனுஷி, அந்தப் பொய்யை நினைத்து வெட்கப்பட்டால் என்ன செய்வாள்? கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று தன்னை எல்லைக்கே அனுப்பிவிட அவளால் முடியும். ஐந்தாம் ஜன்னலில் நிற்கலாமா என்றுகூட நினைத்தாள். வரிசைச் சீட்டில் மூன்று என்று வந்தது.

லம்துவான் தலை நிமிரவில்லை. பிடரி இன்னும் குட்டையாகவே இருந்தது.

“தொழில்?”

“துப்புரவு.”

“வேற எதுவும்?”

“இல்லைங்க.”

லம்துவான் புகைப்படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “காது தெரியலை. வேற படம் எடுத்துட்டு வா.”

நுவே தாள்களை வாங்கிக்கொண்டாள். நகரப் போனவளை அந்தக் குரல் சற்றுத் தணிந்து நிறுத்தியது.

“உன் முடியை யாரு வெட்டறா?”

“நானேதாங்க.”

“சொந்த முடியை வெட்டிக்கலாம். அதுக்குச் சட்டம் எதுவும் இல்லை.” கொஞ்சம் நிறுத்தி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். “என் வீட்டுல அன்னைக்குப் பையனுக்கு முழு மொட்டை, எனக்குப் பாதி மொட்டை. நாத்தனார் இப்ப அதே மாதிரி வெட்டிட்டுத் திரியறா.”

மதியம் நுவே காது தெரிகிற படத்தோடு திரும்பி வந்தாள். லம்துவான் இரண்டு காதையும் பென்சில் முனையால் சரிபார்த்து முத்திரையைக் குத்தினாள். அட்டைக்கு இன்னும் ஒரு வருஷம்.

“அடுத்து” என்றாள்.