சும்மா இருந்தவன் என்று நாம் சொன்ன ஜெரோம்

ஜெரோம் இறந்த செய்தியை ஜெரோமே எனக்கு அனுப்பினான். இப்படி எழுதுவதற்கு நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது அதுதான். கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருந்தேன். கைப்பேசி ஒளிர்ந்தது. எட்டு வருடமாக ஒரு சொல்கூட வராத எண். அவனுடைய பெயர், அவனுடைய சிரித்த படம், அதற்குக் கீழே ஒரே வரி: "ஜெரோம் காலமாகிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டில் செபம்." அவனுடைய அக்கா ரோஸ்லின், தம்பியின் கைப்பேசியில் இருந்த எல்லோருக்கும் அதிலிருந்தே செய்தி அனுப்பியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. "டேய், விளையாடாதடா" என்று பதில் போட்டேன். படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. ரசம் வந்தது, அப்படியே ஆறிப்போனது.

அவனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாங்கள் மின்விளையாட்டுக்காரர்கள். ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் துப்பாக்கியோடு மோதிக்கொள்ளும் கணினி விளையாட்டு. அதை ஆடுவதே எங்களுக்கு வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடிதான் எங்கள் பயிற்சிக்கூடம். அணியில் ஆறு பேர் இருந்தோம். ஆடும் நாற்காலி ஐந்துதான். ஜெரோம் விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சும்மா'. ஆங்கில எழுத்தில் அது திரையில் வரும்போது, சீன வர்ணனையாளர்கள் ஏதோ ஜப்பானியப் பெயர் என்று நினைத்து "ஸூமா! ஸூமா!" என்று கத்துவார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரிய போட்டியில் அவனுக்கு நாற்காலி கிடைக்காமல் போனது உங்களுக்குத் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவன் ஆட்டம். பயிற்சிக்குக் காலையில் முதலில் வருகிறவன் நான், கடைசியில் வருகிறவன் அவன். கையில் ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் இருக்கும். அதைப் பிரித்து, நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று, கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவான். நான் இரண்டு மணி நேரமாகத் திணறிக்கொண்டிருந்த இடத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டுவான். "எப்பிடிடா?" என்று கேட்டால், "சும்மாதான் லா" என்பான். ஒருமுறை நான் விடாமல் நச்சரித்தபோது, "கண்ணு பாத்து கைக்குச் சொன்னா லேட்டு மச்சான். கைக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றான். கைக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிறவியிலேயே வந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அவனோடு ஆடும்போது சில நேரம் முதுகு சில்லிடும். செலாயாங்கில் ஒரு சின்னப் போட்டி. வெறும் சுவரைப் பார்த்துச் சுட்டான். அரை நொடி கழித்து எதிராளி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான், சாவதற்கென்றே வந்தவன் மாதிரி. எதிரணி ஏமாற்று என்று கத்தியது. நடுவர் வந்து அவன் கணினியைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு நாள் பயிற்சியில் நான் ஆட, அவன் என் நாற்காலிக்குப் பின்னால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்காமலே சொன்னான்: "இப்ப குனிவ. இப்ப ரீலோட் பண்ணுவ. இப்ப மூச்சு விடுவ." மூன்றையும் செய்தேன். செய்த பிறகுதான் அவன் சொன்னது காதில் ஏறியது. மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், பயம்.

பெரிய போட்டிக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்தது. நான்கு பேர் உறுதி. ஐந்தாவது நானா, அவனா? எங்கள் விளையாட்டில் ஒருவர் எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறார் என்பது அவரவர் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். என் மணிநேரத்தில் பாதிகூட அவனுக்கு இல்லை. மேனேஜர் சீனர், நியாயஸ்தர், குழப்பத்தில் இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹரி, டெல் மீ ஸ்ட்ரெய்ட். ஹீ பிராக்டிஸ் ஆர் நாட்?" என்றார். "நோ பாஸ். ஹீ டோன்ட் பிராக்டிஸ்" என்றேன். நாற்காலி எனக்கு வந்தது. ஜெரோம் வந்து என் தோளைத் தட்டினான். "பரவால்ல லா மச்சான், நீ ஆடு" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் போட்டியில், ஜெயிக்க வேண்டிய சுற்றில், ஒரு கதவைத் தாண்டி நான் இடது பக்கம் திரும்பினேன். எதிராளி வலது பக்கம் நின்றான். அதோடு நாங்கள் போட்டியிலிருந்து வெளியேறினோம். அணி கலைந்தது. ஜெரோம் அதற்குப் பிறகு எந்த அணியிலும் சேரவில்லை. பயிற்சி செய்யாதவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. நான் அவனை அழைக்கவே இல்லை.

நல்லடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் நம் பழைய அணி கூடி நின்றது. "கடவுள் குடுத்த கை லா அது. ஒரு நாள் ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணிருப்பானா?" என்றான் குமரேசன், எங்கள் கேப்டனாக இருந்தவன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அன்பில் சொன்னதுதான். நானும் தலையாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் அந்த எண்ணிலிருந்து செய்தி. "ஹரி, வீட்டுக்கு வா. உனக்கு ஒன்னு இருக்கு." இந்தத் தடவை அனுப்பியது ரோஸ்லின் அக்கா என்று தெரிந்துதான் படித்தேன்.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். ரயில்வேயில் இருந்த குடும்பம், பக்தியான கத்தோலிக்கர்கள். அம்மா தெரசா ஆன்டி கோப்பி கலந்து கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "எல்லாம் என்னாலதான் ஹரி" என்று ஆரம்பித்தார். ஜெரோமுக்குப் பதினேழு வயது இருக்கும்போது, தவக்காலம் நாற்பது நாளும் கேம் தொடக்கூடாது, திரையைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அவனும் சத்தியத்தைக் காப்பாற்றினான். திரையைப் போடவில்லை.

"ஆனா ரூமுக்குள்ள இருந்து தட்டுற சத்தம் வருதுய்யா. போய் பாத்தா ஸ்கிரீன் கருப்பா கெடக்கு. இவன் அதையே பாத்துக்கிட்டு கீபோர்ட டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டு இருக்கான். வாய் வேற பேசுது. 'இப்ப வருவான், இப்ப வருவான்'ன்னு. யாரு வருவான்னு சொல்றான்? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ஓடிப் போய் ஃபாதர கூட்டிட்டு வந்துட்டேன்."

ஃபாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்ததில் கணினிக்குள் தண்ணீர் இறங்கிப் புகைந்துவிட்டதாம். "பேய் போச்சோ இல்லையோ, கம்ப்யூட்டர் போச்சு" என்றார் ரோஸ்லின் அக்கா. மூவரும் சிரித்தோம். ஆன்டி சிரிப்பை நிறுத்தவில்லை, அப்படியே அழுகையாகிவிட்டது. அந்தத் தவக்காலம் முடிந்தும் அவன் பழக்கம் முடியவில்லை. தினமும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம், திரையை அணைத்துவிட்டு, முந்தின நாள் ஆடிய ஆட்டத்தை மனத்தில் ஓட்டி விரலால் ஆடியிருக்கிறான். நாங்கள் பயிற்சிக்கூடத்தில் மணிநேரம் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவன் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் நாசி லெமாக்கோடு வந்திருக்கிறான். திரை இல்லாத ஆட்டம் எந்தக் கணக்கில் ஏறும்? "திரைய பாத்தா கண்ணுதான்க்கா கத்துக்கும், கை சும்மா இருக்கும்" என்று அக்காவிடம் சொல்வானாம். அணி போன பிறகு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போன பிறகும், லீவு நாளெல்லாம் அந்த நாற்காலிதான். இறந்ததும் அதில்தான். அக்கா போய்ப் பார்த்தபோது திரை கருப்பாக இருந்தது. விரல்கள் விசைகளின்மேல் இருந்தன.

அக்கா என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போனார். கீபோர்டில் நான்கு விசைகளில் எழுத்தே இல்லை, வழுவழுவென்று தேய்ந்திருந்தன. பயிற்சியின்போது தான் பேசுவதையெல்லாம் ஜெரோம் கணினியில் பதிவு செய்து வைத்திருக்கிறான், யார் எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று பிறகு கேட்டுச் சரிபார்க்க. ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் ஆள் பெயரும். "உன் பேர்தான் ஜாஸ்தி. அதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒன்றைத் திறந்தேன். நாற்காலி எனக்குக் கிடைத்த மறுநாள் பதிவு செய்தது. தட்டும் சத்தத்துக்கு நடுவே அவன் குரல், பக்கத்தில் இருந்து பேசுவது மாதிரி. "ஹரி கதவ தாண்டுறான். இடது பக்கம்தான் பாப்பான். எப்பவும் அப்பிடித்தான். வலது பக்கம் நான் நிக்கணும்." திரும்பத் திரும்ப அதே இடம். நான் கதவைத் தாண்டுகிறேன், அவன் வலது பக்கம் வந்து நிற்கிறான். தான் ஆடப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் என் முதுகைக் காத்துப் பழகியிருக்கிறான்.

கடைசிப் பதிவு அவன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால். அதற்கும் என் பெயர்தான். "இப்ப ஹரி கண்ணாடிய கழட்டுவான். தொடைச்சிட்டு மறுபடி போடுவான்." என் விரல் கண்ணாடியில் இருந்தது. நான் கண்ணாடி போட ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நாங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டு எட்டு வருடம். அக்காவிடம் கேட்டேன். "நீ போடுற கிளாஸ் வீடியோ எல்லாம் பாப்பானே" என்றார். இப்போது இணையத்தில் விளையாட்டுப் பாடம் எடுக்கிறேன், வாஸ்தவம்தான். அந்த வீடியோக்களில் நான் முகம் காட்டுவதில்லை. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

கூடத்தில் கடிகாரம் பத்து அடித்தது. தெரசா ஆன்டி அறை வாசலில் வந்து நின்று ஒரு விரலை உயர்த்தினார். "கேக்குதா ஹரி?" மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் வண்டிகள். அதற்கும் அடியில், டக்கு, டக்கு, டக்கென்று என்னவோ. "பல்லியா இருக்கும்மா" என்றார் அக்கா உள்ளிருந்து. ஆன்டி என் முகத்தையே பார்த்தார். "கேக்கல ஆன்டி" என்றேன்.

கேட்டதைக் கேட்கவில்லை என்று நான் சொன்னது அது முதல் முறையல்ல.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள், ஒரு ஹெட்செட் இரவல் வாங்க ஜெரோம் வீட்டுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. வெளிக்கதவு சாத்தாமல் இருந்தது, அவன் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவன் முதுகு தெரிந்தது. எதிரில் அணைந்த திரை. பத்து விரலும் பறந்துகொண்டிருந்தன. எதற்கு என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தொழில்காரன் அல்லவா? வாசலிலேயே நின்றேன். "ஹரி வருவான்" என்றான், திரும்பாமல். கொஞ்ச நேரம் தட்டினான். "நிப்பான். போயிருவான்" என்றான். நான் போய்விட்டேன். மறுநாள் மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அவன் சொன்னது ஆட்டத்தில் வரும் ஹரியை, வாசலில் நின்ற ஹரியை அல்ல என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குமரேசா, மற்ற நண்பர்களே, கடவுள் கொடுத்த கை என்று இனிமேல் சொல்லாதீர்கள். நம் ஆறு பேரில் அதிகம் உழைத்தவன் அவன். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எல்லாப் பதிவுகளையும் அக்காவிடமே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். நான் அவன் வாசலில் நின்ற அந்த நாளின் பதிவு. அதில் "போயிருவான்" என்ற சொல்லுக்குப் பிறகு என் செருப்புச் சத்தம் கேட்கிறது, படியில் அவசரமாக இறங்குகிறது. தட்டல் நிற்கிறது. நாற்காலி நகர்கிறது. கதவை முழுக்கத் திறக்கிறான். "டேய் ஹரி" என்று கூப்பிடுகிறான், கோபமே இல்லாமல். காத்திருக்கிறான். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காத்திருப்பு மட்டும்தான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த இடத்தில் "இருக்கேன்டா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் பதிவில் தட்டல் மறுபடி தொடங்கிவிடுகிறது.