லைட் கர்ட்டனில் விழுந்த ஐந்தரை மணி வெயில்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆலையில் பாதுகாப்பு என்றால் ஒரு ஹெல்மெட், சுவரில் ஒரு போர்டு, அவ்வளவுதான். இன்று மலேசியாவின் தம்போயில், மெஷின்களுக்குச் சேஃப்டி சிஸ்டம் பொருத்தும் எங்கள் கடைவீட்டு ஆபீஸில் போன் ஓய்வதில்லை. ஆலைகளிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பாதுகாப்பு சர்டிபிகேட் கேட்கிறார்கள். ஜொகூரில் எழும்பும் புது ஆலைகள் எல்லாம் சேஃப்டி சிஸ்டத்துக்கு வரிசையில் நிற்கின்றன. வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்லாக்கை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கேட்லாக்கில் இல்லாத ஒன்றை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. மூலைக்குப் போன குச்சி

பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசி டப்பா ஆலை. உள்ளே நுழைந்தாலே கண் சொருகும். காய்ச்சிய பாகின் மணம், எங்கும் ஆவி, மலைமலையாக மஞ்சள் பழம். அந்த இடம் எனக்குப் பாதிக் கனவாகவே நினைவிருக்கிறது.

அங்கே பழம் வெட்டும் மெஷினுக்கு லைட் கர்ட்டன் பொருத்தினோம். இரண்டு மஞ்சள் கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள். கை குறுக்கே போனால் கத்தி நின்றுவிடும். அதற்கு முன் ஆபரேட்டர் புஷ்பா, சிக்கிய பழத்தை நீளக் குச்சியால்தான் தள்ளுவார். இரண்டே மாதத்தில் குச்சி மூலைக்குப் போனது. கையை நீட்டுவார், கத்தி நிற்கும், பழத்தைத் திருப்பிவிட்டு ரீசெட்டை அழுத்துவார். பார்க்கவே அழகாக இருக்கும்.

2. ஒரு விரல் நீள வயர்

மூன்றாம் மாதம், தினமும் ஐந்தரை மணிக்கு, யாரும் கை வைக்காமலே மெஷின் நிற்க ஆரம்பித்தது. நான் போனதும் ஆலை மேனேஜர் தனபாலன் பொரிந்தார்.

"என்னலா இது, நல்லா ஓடுன மெஷினுக்குப் பேய் புடிச்ச மாதிரி? லோரி வெளிய நிக்குது. இன்னிக்கு பைபாஸ் போடுங்க. இல்லன்னா மத்த எட்டு மெஷினுக்கும் ஆர்டர் கிடையாது, இதையும் கழட்டிட்டுப் போங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆறு மணி வரைக்கும்தான்" என்று வந்தது. பேனலில் ஒரு ஜம்பர் வயரை மாட்டினேன். கம்பங்கள் அப்படியே நின்றன; கத்தி மட்டும் இனி அவற்றின் பேச்சைக் கேட்காது. புஷ்பாவிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மேற்குக் கதவு வழியே வெயில் சாய்ந்து வந்தது. ஆவியெல்லாம் பொன்னிறமானது. அந்த வெயில் நேராக, ஒளிக்கோடுகளை வாங்கும் ரிசீவர் கம்பத்தில் விழுந்து அதன் கண்ணைக் கூசவைப்பதைப் பார்த்தேன். அட, பேய் நீதானா என்று சிரித்துக்கொண்டபோது பழம் ஒன்று சிக்கியது. புஷ்பா கையை நீட்டினார், அவசரமே இல்லாமல், பூப்பறிப்பது போல.

பாய்ந்து எமர்ஜென்சி ஸ்டாப்பை அறைந்தேன். கையுறையின் நடுவிரல் நுனி பழத்தோடு போயிருந்தது. விரல் இருந்தது.

"அலமாக்..." என்றவர் கம்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நிக்கும்னு நெனச்சேண்ணே. நீங்க வேற பக்கத்துலயே நின்னீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

3. என் கை

ஜம்பரை அப்போதே பிடுங்கினேன். செய்ததைப் புஷ்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கிழிந்த கையுறையைக் கழற்றி வைத்தார். லோரி காத்துக்கொண்டு நின்றது. மறுநாள் கதவோரம் ஒரு தகரம் அடித்து வெயிலை மறைத்தேன். ஐந்தரைக்கு மெஷின் ஓடியது. டெஸ்ட் கம்பியை நீட்டிக் காட்டினேன், கத்தி நின்றது.

"கம்பி வேணாம். உங்க கைய வைங்கண்ணே," என்றார் புஷ்பா.

என் வயரிங், என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். இருந்தும் கையைப் பாதி நீட்டிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மறுபடி நீட்டினேன். கத்தி நின்றது. நான் ஒருமுறை செய்யப் பயந்ததை அவர் தினமும் எத்தனை முறை செய்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

பயந்த கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சேஃப்டி சிஸ்டம் வந்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. பிறகு அதை பைபாஸ் செய்தால், அது இல்லாத காலத்தைவிட ஆபத்து.

எட்டு மெஷினுக்கும் பிறகு ஆர்டர் வந்தது. போன மாதமும் சர்வீசுக்குப் போனேன். புஷ்பாவின் மெஷின் ஓரம் அந்தப் பழைய குச்சி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இனி அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.