ஜீப்பின் முன் இருக்கையும் என் ஒரு மாத ஓய்வும்

ஜூன் ஒன்று, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. சாரல், குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் தும்மல். ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற எனக்கு அன்றுதான் விடுமுறையின் முதல் நாள். ஜூலை ஒன்றில் இன்னொரு எஸ்டேட்டில் சேர வேண்டும். நடுவில் முப்பது நாளும் தூங்குவதாகத் திட்டம்.

வழக்கம்போல ஜீப்பு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வரவில்லை என்று சொல்லத்தான் போனேன். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், என் இடத்தில், காய் பறிக்கப் போகும் ஓர் அம்மாள் பாதி ஏறியிருந்தாள்.

"அண்ணே, இனிமே நீங்க வரமாட்டீகள்ல? நான் ஒக்காந்துக்கிறேன்."

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்தால் எனக்கு ஆறாவதிலேயே வாந்தி வந்துவிடும். ஜூலையிலும் இதே ஜீப்புதான். ஒரு மாதம் உட்கார்ந்து பழகியவளை யார் எழுப்புவது?

"கணக்கு ஒப்படைக்கிற சோலி பாக்கி இருக்கு ஆத்தா" என்று ஏறிவிட்டேன்.

ஞாயிறு நீங்கலாக, இப்படியே பதினெட்டு நாள். மெட்டில் இறங்கி, மாலை நான்கு வரை டீக்கடை பெஞ்சில் இருப்பேன். செக்போஸ்ட்டில் நிற்கும் வண்டிகளை எண்ணுவேன். வீடு திரும்பியதும் மனைவி கேட்பாள்: "இன்னிக்கு ரெஸ்ட்டு எப்படி?"

பதினெட்டாம் நாள் மதியம், லோடோடு கீழே இறங்கிய டிரைவர் டீ குடிக்க அங்கேயே நிறுத்தினான்.

"அய்யா, கணக்கு ஒப்படைக்கப் போறேன்னீக, இங்க எதை எண்ணிக்கிட்டிருக்கீக?"

பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். சிரித்ததில் அவனுக்கு டீ புரையேறியது.

"இதுக்கா? ஒரு துண்டக் குடுத்திருந்தா சீட்டுல போட்டு வச்சிருப்பேனே! போக வர நூத்தி இருவது. துண்டுன்னா பாதி, அறுவது."

ஞாயிறு கழித்து, திங்களன்று புதுத் துண்டு ஒன்று ஜீப்பில் போனது. நான் வீட்டில் படுத்தேன். ஆனால் ஐந்து நாற்பதுக்கு விழிப்பு வந்துவிடும்; துண்டு ஏறியிருக்குமா என்று கவலை.

ஜூலை ஒன்று. ஜீப்பு வந்தது. அந்த அம்மாள் துண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பின்பக்கமாக நடந்தேன்.

"வாங்கண்ணே, எட்டு நாளா சாரல் படாமப் பாத்துக்கிட்டேன். நல்லா மெத்துனு இருந்துச்சு" என்று இறங்கி, பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

ஆறாவது வளைவு சுகமாகக் கடந்தது. பதினேழும் முடிவதற்குள் கூட்டிவிட்டேன்: ஜீப்புக்கு 2,160, தொண்ணூறு டீக்கு 1,080, துண்டு 110, எட்டு நாள் துண்டு பயணம் செய்த வகையில் 480. ஆக, மூவாயிரத்து எண்ணூற்று முப்பது ரூபாய்.