சந்தனம் பூசிய பவர் சப்ளை

கரவெட்டியில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் விழுந்த இடி, என் கணினியின் மதர்போட்டையும் பவர் சப்ளையையும் சேர்த்தே தின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. வேறு நேரமென்றால் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் கையில் ஒரு கல்வெட்டு இருந்தது. இறந்தவரின் வாழ்க்கையையும் அவருக்கான இரங்கல் பாக்களையும் அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். அதற்குக் கணினியில் பக்கம் கட்டுவது என் தொழில். இம்முறை இறந்தவர் பக்கத்து வீட்டு அண்ணை. அந்தியேட்டிக்கு ஒரு கிழமைகூட இல்லை.

நெல்லியடியில் புது மதர்போட் கிடைத்தது. பவர் சப்ளை கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். எப்போது என்று கேட்டால், "வரும் அண்ணை, வரும்" என்றார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறந்த அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அவரின்ரை கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்குது தம்பி. அதிலை இருந்து கழட்டிப் போடேலாதோ?"

முழுக் கணினியையும் பாவிக்க வழியில்லை. என் மென்பொருளைத் திறக்கவே அது மூச்சு வாங்கும். பவர் சப்ளையை மட்டும் கழற்றி வந்தேன். அக்காவும் கூடவே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணையின் பிளக்கில் இருபது துளைகள். புது மதர்போட்டில் இருபத்து நாலு ஊசிகள். ஒரு ஓரமாக வைத்து அழுத்தினேன். கொளுவி சரியாகப் பிடித்தது. மற்ற ஓரத்தில் நாலு ஊசிகள் வெறுமனே நின்றன.

"உந்த நாலும் என்ன பாவம் செய்தது?" என்று எட்டிப் பார்த்தார் அக்கா.

"அதுகள் மேலதிகக் கம்பிகளுக்கு அக்கா. என்ரை கொம்பியூட்டர் கனக்கத் தின்னாது, இருபதும் போதும்."

சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. சுவிட்சை அழுத்தினேன். அசுமாத்தமே இல்லை. அந்த நாலு ஊசிகளையும் முறைத்துப் பார்த்தேன். குற்றத்தைச் சுமத்த அவை வசதியாக இருந்தன. பிறகு வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு துளைகளுக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. துரு மஞ்சளாக இராதே! ஊசியால் கிண்டி மணந்து பார்த்தேன். சந்தனம்.

"சரஸ்வதி பூசைக்கு மூடியைக் கழட்டி உள்ளுக்கும் வைப்பார். வெளியிலை வைச்சால் பெட்டிக்குத்தானாம் பூசை" என்றார் அக்கா.

வருடக்கணக்காக பிளக்கின் முதுகில் காய்ந்திருந்த சந்தனம், நான் இழுத்துக் கழற்றியபோது உதிர்ந்து துளைக்குள் போயிருக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். துளைகளைத் துப்புரவாக்கி மறுபடி அழுத்தினேன். பவர் சப்ளையின் காற்றாடி கடகடவென்று சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தபோது கைதட்டலாம் போலிருந்தது.

கல்வெட்டைத் திறந்து, 'மனைவி புலம்பல்' என்ற பக்கத்தைக் காட்டினேன். புலவர் ஒருவர் எழுதித் தந்த எட்டு வரிகள். ஒளி விளக்கே, குலக்கொழுந்தே என்று போயின. அக்கா படித்தார். பிறகு வெகுநேரம் காற்றாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு நாளும் அவரை ஏசுவன். நிப்பாட்டுங்கோ, வீட்டிலை மனிசர் கதைக்கேலாமல் கிடக்கெண்டு."

பிறகு திரையைக் காட்டினார்.

"இந்தப் பாட்டை எடுத்துவிடுங்கோ தம்பி. இதெல்லாம் நான் சொல்லேல்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்குது எண்டு போடுங்கோ."

"வேறை?"

"அவ்வளவுதான்."

எட்டு வரிகளையும் அழித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே அடித்தேன்.