முருகேசனைக் கெடுத்தது யார்?

இன்று காலை முதலமடையில் மாமாவோடு பொள்ளாச்சி பஸ் ஏறினேன். மாங்காய் சீசன், நிற்கத்தான் இடம்.

கம்பியைப் பிடித்தபடி முருகேசன் நின்றிருந்தான். என்னோடு குத்துச்சண்டை பழகியவன். அவனுடைய இடது கைக் குத்து வருவது யார் கண்ணுக்கும் தெரியாது. இந்தியாவுக்கே ஆடுவான் என்று ஊரே நம்பியது. தேசியப் பயிற்சி முகாமுக்குப் போனவன் பாதியிலேயே திரும்பி வந்தான். இப்போது மாங்காய் மண்டியில் வேலை.

அவனைப் பார்த்ததும் மாமா ஆரம்பித்தார். "செலக்சன்ல அரசியல் பண்ணி உன்னையக் கெடுத்துப்போட்டானுங்கடா."

"யாரும் கெடுக்கலீங்க மாமா," என்றான் முருகேசன். "அங்க எல்லாருமே என்னையவிடக் கெட்டிக்காரனுங்க. ஒருத்தன் மூக்குல குத்துனான். அப்பறம் எவன் கையத் தூக்குனாலும் கண்ணு தானா மூடிக்குச்சுங்க. பயந்துட்டு வந்துட்டனுங்க."

"நீ சும்மா இருடா, உனக்கென்ன தெரியும்?" என்றார் மாமா. பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் அந்த அரசியலை விளக்கத் தொடங்கினார்.

முருகேசன் என்னைப் பார்த்தான். "எத்தன வருசமாச் சொல்றேன். நீயாவது நம்புறயா?"

நம்புகிறேன் என்றேன். அவன் இறங்க வேண்டிய கோவிந்தாபுரம் வரைக்கும் நிம்மதியாய்க் கண்ணை மூடிக்கொண்டே வந்தான்.

உங்கள் ஊரிலும் அரசியலால் வீணாய்ப்போன வீரர் ஒருவர் இருப்பாரே? அவரிடமே கேட்டுப் பார்த்தீர்களா?