ராஜாவின் கன்னத்தில் உளி

வண்ணாரப்பேட்டையில் வெள்ளி உருக்கும் மொஹ்சின் பாய், உளியால் வெட்டிப் பார்க்காமல் எதையும் உலையில் போட்டதில்லை. தன் மகளின் கொலுசுக்காக வேம்பு என்பவள் கொண்டுவந்த உடைசல் வெள்ளியில் ஒரு பழைய ரோமானியக் காசும் கிடந்தது. ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் தராசு பிடித்த பெண். ராஜாவின் கன்னத்தில் ஒரு பழைய உளிவெட்டு கறுத்திருந்தது. தராசுக்காரியை யாரும் தொடவில்லை. உளியை எடுத்த பாய் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் யோசன? என்னிய நம்பலியா?"

"ராஜாவையே நம்பாம ஒருத்தன் வெட்டிகீறான். நீ இன்னாம்மா, ராணியா?"

அவரும் பழைய வெட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டினார். உள்ளே சுத்த வெள்ளி. ஆனால் காசை உலையில் போடக் கை வரவில்லை. முன்பு வெட்டியவனும் தன்னைப்போல் ஒரு தொழில்காரன்தானே. காசின் எடைக்குத் தன் வெள்ளியை உடைசலோடு சேர்த்து உருக்கினார். சாயங்காலம்வரை அவர் கை சட்டைப்பைக்குள்ளேயே அந்தக் காசைப் புரட்டிக்கொண்டிருந்தது.